தனி ஆளாக ஒரு இருண்ட சிந்த்பாப் ஆல்பம்: குமரி மாவட்டத்தில் இருந்தபடியே செய்து முடிக்க முழுமையான வழிகாட்டி

வில்லுப்பாட்டு கேட்டு வளர்ந்த ஊர்க்காரர்களுக்கு ஒரே கதையைச் சொல்லும் இசைத் தொகுப்பு என்பதைப் பெரிதாக விளக்க வேண்டியதில்லை. கோயில் கொடை விழாவில் புலவர் வில்லின் முன் உட்கார்ந்து, அநியாயமாகச் செத்துத் தெய்வமாகிப்போன ஒருவரின் கதையை ராத்திரி முழுக்கப் பாடுகிறார். பக்கத்தில் குடம், உடுக்கை, தாளம். பின்னால் இருப்பவர் ஒவ்வொரு வரிக்கும் "ஆமா" போடுகிறார். முன்னால் நிற்கும் ஒரு குரல், நீளமான ஒரு கதை, சுற்றிலும் இருட்டு. சிந்தசைசரை (மின்னணு முறையில் ஒலியை உண்டாக்கும் கருவி, சுருக்கமாக சிந்த்) வைத்து ஒருவர் தனியாகச் செய்யும் அறிவியல் புனைகதை ஆல்பத்துக்கும் அடிப்படை இதுதான்.

இன்னொரு வசதியும் நமக்கு இருக்கிறது. கிறிஸ்தவ ஆலயத்தில் கீபோர்டு வாசிக்கும் பிள்ளைகள் இந்த மாவட்டத்தில் தெருவுக்குத் தெரு உண்டு. நாகர்கோவில், மார்த்தாண்டம், குளச்சல் என்று எங்கே போனாலும் கார்டு (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு) தெரிந்த கைகள் கிடைக்கும். இந்த வழிகாட்டி முதலில் அவர்களுக்காகத்தான். கொஞ்சம் கீபோர்டு தெரியும், ஒரு லேப்டாப் இருக்கிறது, மனதில் ஒரு இருண்ட கதை ஓடுகிறது என்றால் போதும்.

முதலில் உலகம், அப்புறம் இசை

சாஃப்ட்வேரைத் திறக்கும் முன் ஒரு நோட்டை எடுத்து, ஆல்பம் நடக்கும் உலகத்தை ஒரே பக்கத்தில் எழுதுங்கள். எந்தக் காலம்? எது அழிந்துபோனது? யார் பாடுகிறார்? அவருக்குப் பதில் சொல்ல யாராவது மிச்சம் இருக்கிறார்களா? இதற்கெல்லாம் மேலாக, அந்த உலகத்துக்கு ஒரு சட்டம் வேண்டும். அங்கே எது முடியும், எது முடியாது என்பதை அந்தச் சட்டம் சொல்ல வேண்டும். அது தெளிவாக இருந்தால் பிறகு வரும் நூறு முடிவுகளையும் அதுவே எடுத்துவிடும். தாளம் எவ்வளவு வேகம், பேஸ் என்ற அடிஒலி எந்தச் சுருதி, குரல் எவ்வளவு தூரத்தில் என்று ஒவ்வொன்றுக்கும் விடை அங்கேயே இருக்கும்.

மழை பெய்யும் நியான் நகரமும் பறக்கும் காரும் ஏற்கெனவே ஆயிரம் ஆல்பங்களின் அட்டையில் இருக்கின்றன. அவற்றை விட்டுவிடுங்கள். நம் மாவட்டத்தின் நிலத்திலேயே அறிவியல் புனைகதை கிடக்கிறது. மணவாளக்குறிச்சிக் கரை மணலில் இல்மனைட், சிர்கான், கார்னெட்டோடு மோனசைட் என்ற தாதுவும் உண்டு. 1909இல் ஷாம்பர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் அதை இங்கே அடையாளம் கண்டார். அந்தக் காலத்து கேஸ் விளக்கின் மேண்டில் செய்ய அதிலுள்ள தோரியம் என்ற கதிரியக்கத் தனிமம் தேவைப்பட்டது. அந்தத் தோரியத்தின் அரை ஆயுள் (அது பாதியாகக் குறைய எடுக்கும் காலம்) சுமார் 1,400 கோடி ஆண்டுகள். பேரண்டத்தின் வயதே சுமார் 1,380 கோடி ஆண்டுகள்தான். நாம் சாளை மீன் வாங்கப் போகும் கரையில், பேரண்டத்தின் வயதைவிட நீளமான ஒரு காலக்கணக்கு கால் விரலிடுக்கில் ஒட்டிக்கொண்டு வருகிறது. இதைவிட அந்நியமான ஒரு கிரகத்தை நீங்கள் கற்பனை செய்ய வேண்டுமா?

கிழக்கே ஆரல்வாய்மொழிக் கணவாயிலும் முப்பந்தலிலும் காற்றாலைகள் வரிசை கட்டி நிற்கின்றன. எல்லைக்கு அந்தப் பக்கம், திருநெல்வேலி மாவட்ட மகேந்திரகிரியில் இஸ்ரோவின் உந்தும வளாகம் ராக்கெட் என்ஜின்களைச் சோதிக்கிறது. மேற்கே மாத்தூரில், 1966இல் கட்டிய தொட்டிப்பாலம் பறளியாற்றுக்கு மேலே சுமார் 115 அடி உயரத்தில் தண்ணீரைச் சுமந்து போகிறது. இவற்றில் ஒன்றை எடுத்து, நூறு வருஷம் தள்ளி, மனிதர்களைக் குறைத்துப் பாருங்கள்.

இந்த வழிகாட்டி முழுக்க ஒரே உதாரணத்தை வைத்துக்கொள்வோம். கடல் உள்ளே ஏறிவிட்டது. கரையோரத்தில் கடைசியாக ஒரு தோரியம் அணு உலை ஓடுகிறது. அதில் இரவுப் பணி பார்க்கும் ஒரு பெண் இருக்கிறாள். அவளோடு பேச இருப்பது உலையின் கட்டுப்பாட்டு இயந்திரம் மட்டும். அவள் பேச்சுக்கு அது சொல்லும் பதில் "ஆமா" ஒன்றுதான். உலகத்தின் சட்டம்: மின்சாரம் இருக்கும் வரைதான் பாட்டு இருக்கும். இயந்திரம் நின்றால் எல்லாம் நின்றுவிடும்.

சட்டத்திலிருந்து சுருதி

இந்தச் சட்டம் எப்படி இசையாகிறது என்று பாருங்கள். நம் வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 சுற்று, அதாவது 50 ஹெர்ட்ஸ். கீபோர்டில் அதற்கு மிக அருகில் இருக்கும் ஸ்வரம் கீழே உள்ள ஜி. அது 49 ஹெர்ட்ஸ். தெரு டிரான்ஸ்ஃபார்மர் முனகுவது 100 ஹெர்ட்ஸில். அதுவும் ஒரு ஆக்டேவ் (இரு மடங்கு அதிர்வெண்) மேலே உள்ள அதே ஜிதான். ஆக, ஆல்பம் முழுவதையும் ஜி மைனரில் வைத்துக்கொண்டு எல்லா சிந்த்களையும் 35 சென்ட் (அரை ஸ்வரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) மேலே ஏற்றினால், ஜி சரியாக 50 ஹெர்ட்ஸில் உட்கார்ந்துவிடும். மாஸ்டர் ட்யூனிங் வைக்கும் வசதி இருந்தால் ஏ ஸ்வரத்துக்கு வழக்கமான 440 ஹெர்ட்ஸுக்குப் பதிலாக 449 என்று கொடுங்கள்.

இப்போது மின்சாரத்தின் முனகலே உங்கள் சுருதிப்பெட்டி. ஒவ்வொரு பாட்டும் அதிலிருந்து எழும்பி அதிலேயே இறங்கும். கேட்பவருக்கு இந்தக் கணக்கு தெரிய வேண்டியதில்லை. ஆனால் ஃபிரிட்ஜ் ஓடும் அறையில் அவர் உங்கள் ஆல்பத்தைக் கேட்கும்போது, அவர் வீட்டு ஃபிரிட்ஜும் உங்களோடு சுருதி சேர்ந்து நிற்கும். எனக்கு இந்த யோசனை மேல் பெரிய பிரியம் உண்டு. வேறு கதை வைத்திருந்தால் வேறு சுருதி வரும்; அது கதையிலிருந்து வர வேண்டும் என்பதுதான் முக்கியம்.

கருவிகள்

இதில் அதிக நேரம் செலவழிக்க வேண்டாம். 8 ஜிபி ரேம் உள்ள லேப்டாப் போதும், 16 இருந்தால் நிம்மதி. ரெக்கார்டிங் சாஃப்ட்வேராக ரீப்பரைச் சொல்வேன். 60 நாள் முழு வசதியோடு சோதித்துப் பார்க்கலாம். தனி நபருக்கான உரிமம் 60 டாலர். லேப்டாப்பிலேயே ஓடும் சாஃப்ட்வேர் சிந்த்களுக்குப் பைசா செலவு தேவையில்லை. வைட்டலின் இலவசப் பதிப்பு, சர்ஜ் எக்ஸ்டி, யமஹா டிஎக்ஸ்7 சிந்த்தை அப்படியே பின்பற்றும் டெக்ஸ்ட் (Dexed), யூ-ஹீயின் டைரல் என்6 ஆகிய நான்கிலும் ஒரு ஆல்பம் அல்ல, பத்து ஆல்பம் செய்யலாம். ரிவெர்புக்கு (அறை எதிரொலி சேர்ப்பது) வல்ஹல்லா சூப்பர்மேசிவ், இயந்திரக் குரலுக்கு டால் வோக்கோடர். இரண்டும் இலவசம்.

புதிதாக மிடி கீபோர்டு (லேப்டாப்பில் உள்ள சிந்த்தை வாசிக்க உதவுவது) வாங்கும் முன், ஆலயத்திலோ வீட்டிலோ இருக்கும் கீபோர்டின் பின்புறத்தைப் பாருங்கள். 'யூஎஸ்பி டூ ஹோஸ்ட்' என்று எழுதிய துளை இருந்தால் ஒரு பிரிண்டர் கேபிளில் லேப்டாப்போடு இணைத்துவிடலாம். மீதிப் பணத்தை இரண்டு உள்ளீடு உள்ள ஒரு ஆடியோ இன்டர்ஃபேஸிலும் (மைக்கை லேப்டாப்போடு இணைக்கும் பெட்டி), காதை முழுக்க மூடும் ஒரு நல்ல ஹெட்போனிலும் போடுங்கள். மைக்குக்கு எஸ்எம்58 போன்ற டைனமிக் மைக் போதும். நம் வீடுகளில் சுவரும் தரையும் கல்லும் டைல்ஸுமாக எதிரொலிப்பதால், அறைச் சத்தத்தையும் நுணுக்கமாகப் பிடிக்கும் கண்டென்சர் மைக்கைவிட இதுவே கைகொடுக்கும்.

ஐப்பசி, கார்த்திகை இடிமழையை மனதில் வைத்து ஒரு யூபிஎஸ் அவசியம். கடலோர ஊர்க்காரர்கள் கருவிகளை மூடி போட்டு, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். உப்புக் காற்று கீபோர்டு சாவிகளின் இணைப்புப் புள்ளிகளை மெல்ல அரித்துவிடும்.

நிலத்திலிருந்து ஒலி எடுப்பது

சினிமா மாதிரி கேட்கும் ஆல்பங்களில் சிந்த்துக்குப் பின்னால் எப்போதும் ஒரு இடம் கேட்கும். அந்த இடத்தை நீங்கள் பதிவு செய்ய வேண்டும். கையடக்க ரெக்கார்டர் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் போனிலேயே சுருக்காத வேவ் கோப்பாகப் பதிவு செய்யும் ஆப்பைப் பயன்படுத்துங்கள். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். மைக்குக்கு ரோமம் வைத்த காற்றுத் தடுப்பு உறை இல்லாமல் முப்பந்தல் பக்கம் போகவே வேண்டாம். தென்மேற்குப் பருவக்காற்று கணவாய்க்குள் நெருக்கப்பட்டுப் பாயும் வைகாசி முதல் ஆவணி வரை, உறை இல்லாத மைக்கில் வெறும் உறுமல்தான் பதிவாகும். காற்றாலை வளாகங்களுக்குள் நுழையாமல் பொதுச்சாலையிலிருந்து பதிவு செய்யுங்கள். இறக்கை ஒவ்வொன்றும் கீழே வரும்போது எழும் 'வூஷ்' ஓசைக்கு ஒரு தாளம் உண்டு. அதை வெட்டி எடுத்துப் பாட்டின் வேகத்துக்கு நீட்டினால், எந்த சாம்பிள் பொதியிலும் கிடைக்காத ஒரு சுவாசம் கிடைக்கும்.

முட்டத்துப் பாறைகளுக்கிடையே அலை புகுந்து திரும்பும் சத்தம், குளச்சல் துறைமுகத்தில் விசைப்படகு டீசல் என்ஜின் தூரத்தில் கிளம்பும் சத்தம், பாசனத் தண்ணீர் திறந்திருக்கும் காலத்தில் மாத்தூர்த் தொட்டிக்குள் ஓடும் நீர், ரப்பர் தோட்டத்து இலைக்கூரை மேல் மழை. நான்கையும் எடுத்துக்கொள்ளுங்கள். ரெக்கார்டரின் ஒலி அளவு உச்சத்தில் கூட மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாமல் இருக்கட்டும். பிறகு வேகத்தைப் பாதியாகக் குறையுங்கள். ஒரு ஆக்டேவ் கீழே இறங்கி, நீளம் இரண்டு மடங்காகும். படகு என்ஜின் அப்போதே விண்கலமாகிவிடும். கால் வேகத்துக்குக் கொண்டுபோனால் மழைத்துளி உலோகக் கதவில் தட்டும் சத்தமாகும்.

கதவு, கம்பிவேலி, இரும்புக் குழாய் ஆகியவற்றின் உள் அதிர்வைப் பிடிக்க ஒரு பீசோ வில்லை (அதிர்வை மின் சைகையாக்கும் சிறு வட்டத் தகடு) வாங்குங்கள். மின்னணு உதிரிபாகக் கடைகளில் சில பத்து ரூபாய்க்குக் கிடைக்கும். ஒரு கேபிளின் முனையில் பற்றவைத்து, இரும்பில் டேப்பால் ஒட்டினால் போதும். மின்சாரம் தொடர்பான எதிலும் இதை ஒட்டக் கூடாது. டிரான்ஸ்ஃபார்மர் முனகல் வேண்டுமென்றால் வேலிக்கு வெளியே, தள்ளி நின்று சாதாரண மைக்கில் எடுங்கள். அல்லது சிந்த்திலேயே 50, 100, 150 ஹெர்ட்ஸ் சைன் அலைகளைச் சேர்த்து உண்டாக்கிக்கொள்ளுங்கள்.

உடுக்கையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அதன் இடுப்புக் கயிற்றை இறுக்கும்போது சுருதி ஏறும், தளர்த்தும்போது வழுக்கி இறங்கும். 1980களின் எலக்ட்ரானிக் டாம் டிரம்மில் சுருதியைச் சரியவிட என்வலப் (நேரத்தோடு ஒலியை ஏற்றி இறக்கும் பகுதி) செய்த வேலையை உடுக்கைக்காரரின் விரல்கள் காலங்காலமாகச் செய்துவருகின்றன. அதை ஒரு ஆக்டேவ் இறக்கினால் இந்த ஆல்பத்துக்கு அதைவிடப் பொருத்தமான தாளக்கருவி இல்லை. கொடையில் ஓரமாக நின்று போனில் பிடிக்காமல், கலைஞரை முறையாக அழைத்து, எதற்காக என்று சொல்லி, சன்மானம் கொடுத்துப் பதிவு செய்யுங்கள். எழுத்தில் ஒரு ஒப்புதலும் வாங்குங்கள். பதிப்புரிமைச் சட்டத்தின் 38வது பிரிவு நிகழ்த்துபவருக்கு 50 ஆண்டு உரிமை தருகிறது. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், அவர் பெயர் ஆல்பத்தில் இருப்பது நமக்குப் பெருமை.

ஐந்து ஒலிகள் மட்டும்

ஆல்பம் முழுக்க ஐந்தே சிந்த் ஒலிகள் என்று கட்டுப்பாடு வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பாட்டுக்கும் புதிய ப்ரீசெட் (தயார் ஒலி) தேடிப் போனால் ஒன்பது வேறு ஆல்பங்களின் துண்டுகள் போலக் கேட்கும். பாட்டின் வேகத்தை நிமிடத்துக்கு 96 அடி என்று எடுத்துக்கொள்வோம். 60,000ஐ 96ஆல் வகுத்தால் ஒரு அடி 625 மில்லிசெகண்ட். கீழே வரும் தாள நேரக் கணக்குகள் இதிலிருந்து வருபவை.

முதலில் பேஸ். இரண்டு ஆசிலேட்டர் (ஒலியை உண்டாக்கும் பகுதி), இரண்டும் சா அலை (ரம்பப்பல் வடிவம்), ஒன்று ஒரு ஆக்டேவ் கீழே. இரண்டுக்கும் இடையே 7 சென்ட் விலகல். 24 டெசிபல் லோ-பாஸ் ஃபில்டரை (மேல் அலைவரிசைகளை வெட்டுவது) 250 ஹெர்ட்ஸ் அருகே மூடி வையுங்கள். ஃபில்டர் என்வலப்பில் அட்டாக் (எழும் நேரம்) பூஜ்யம், டிக்கே (இறங்கும் நேரம்) 250 மில்லிசெகண்ட், சஸ்டெய்ன் (நிற்கும் அளவு) 20 சதவீதம். ஒரு நேரத்தில் ஒரு ஸ்வரம் மட்டும் ஒலிக்கும் மோனோ முறையில், எட்டில் ஒரு பங்கு ஸ்வரங்களாக (அரை அடிக்கு ஒன்று) ஒரே ஜியை வாசியுங்கள். அப்புறம் எட்டு பார் (நான்கு அடி ஒரு பார்) ஓடும் நேரத்தில் ஃபில்டரை 250லிருந்து 900 ஹெர்ட்ஸ் வரை மிக மெதுவாகத் திறங்கள். ஸ்வரம் மாறவே இல்லை, ஆனால் ஏதோ நெருங்கி வருவது போல இருக்கும். இந்த வகை இசையின் பயம் முக்கால்வாசி இந்த ஒரு அசைவில் இருக்கிறது.

இரண்டாவது பேட், பின்னால் விரிந்து நிற்கும் நீண்ட ஒலி. ஒரு சா, ஒரு பல்ஸ் அலை. பல்ஸின் அகலத்தை 0.3 ஹெர்ட்ஸ் எல்எஃப்ஓவால் (மெதுவாக அசைக்கும் ஆசிலேட்டர்) அசையுங்கள். அட்டாக் 1.5 செகண்ட், ரிலீஸ் (விட்டபின் மங்கும் நேரம்) 4 செகண்ட். மேலே கோரஸ் (ஒலியைப் பலவாக்கிப் பரப்பும் எஃபெக்ட்). ரோலண்ட் ஜூனோ-60 என்ற சிந்த் இன்றும் தேடப்படுவதற்கு அதனுள்ளே இருந்த கோரஸ்தான் பெரிய காரணம். சுருதியில் 4, 5 சென்ட் அளவுக்கு ஒழுங்கற்ற ஆட்டம் கொடுத்தால் பழைய டேப் ஓடுவது போன்ற களைப்பு வரும். 180 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருப்பதை வெட்டிவிடுங்கள். அது பேஸின் இடம்.

மூன்றாவது மணியொலி. இதற்கு எஃப்எம் முறை (ஒரு அலையால் இன்னொன்றின் அதிர்வெண்ணை அசைப்பது). ஜான் சௌனிங் 1967இல் ஸ்டான்ஃபோர்டில் கண்டறிந்து, பின்னால் யமஹா 1983இல் டிஎக்ஸ்7 வழியாக உலகம் முழுக்கக் கொண்டுபோனது. டெக்ஸ்டில் ஒரு ஆபரேட்டரை (அலையை உண்டாக்கும் அலகு) இன்னொன்றால் அசைத்து, விகிதத்தை 1க்கு 1.4 என வையுங்கள். முழு எண்ணாக இல்லாத விகிதம் என்பதால் ஒத்திசையாத மேல் சுரங்கள் எழுந்து மணி போலக் கேட்கும். இதை 156 மில்லிசெகண்ட் இடைவெளியில், அதாவது பதினாறில் ஒரு பங்கு ஆர்பெஜியோவாக (கார்டின் ஸ்வரங்களை ஒவ்வொன்றாக) ஓடவிடலாம். அல்லது ஒரு பாட்டு முழுக்க நான்கே முறை அடிக்கலாம். எனக்குப் பிடித்தது இரண்டாவது.

நான்காவதான லீட் (முன்னால் வரும் மெட்டு) ஒலியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்: ஒரே சதுர அலை, 80 மில்லிசெகண்ட் கிளைடு (ஸ்வரத்துக்கு ஸ்வரம் வழுக்கல்), தாமதித்து வரும் வைப்ரேட்டோ. நாகஸ்வரக் கமகத்தைப் பிட்ச் வீலில் முயன்று பாருங்கள். ஆனால் ஆல்பத்தில் இரண்டு இடத்துக்கு மேல் இந்த ஒலி வேண்டாம்.

ஐந்தாவது தாளம். கிக், ஸ்னேர், உடுக்கை டாம். ஹை-ஹாட் தேவையில்லை, அந்த இடத்தைக் காற்றாலையின் மூச்சு நிரப்பும். ஸ்னேருக்குக் கேட்டட் ரிவெர்ப் செய்யும் முறை இதோ. ஸ்னேரை 2 செகண்ட் ரிவெர்புக்கு அனுப்புங்கள். ரிவெர்புக்குப் பின்னால் ஒரு நாய்ஸ் கேட் (ஒலியைத் திறந்து மூடும் கருவி) வைத்து, அது மூல ஸ்னேரைக் கேட்டுத் திறக்கும்படி சைட்செயினில் இணையுங்கள். ஹோல்டு 280 மில்லிசெகண்ட், ரிலீஸ் 30. எட்டில் ஒரு பங்கு ஸ்வரம் 312 மில்லிசெகண்ட் என்பதால் அடுத்த அடிக்கு முன் ரிவெர்ப் வெட்டுப்பட்டு நிற்கும். பெரிய மண்டபத்தின் கதவை யாரோ சட்டென்று சாத்துவது போன்ற அந்த ஒலி 1980களின் முத்திரை.

எல்லாப் பாட்டுக்கும் ஒரே அறை

உலகம் ஒன்று என்றால் அதன் சுவர்களும் ஒன்றாக இருக்க வேண்டும். இதற்கு ஒரு எளிய வழி உண்டு. ஆளில்லாத நேரத்தில் அனுமதி வாங்கி ஒரு ஆலயத்துக்குள்ளோ கல்யாண மண்டபத்துக்குள்ளோ போய், ஒரு முனையில் மைக்கை வைத்து மறுமுனையில் ஒரு பலூனை உடையுங்கள். அந்த வெடிப்பும் அதன் முழு எதிரொலியும் பதிவான கோப்பின் தொடக்கத்தைச் சரியாக வெட்டி, முடிவை மெதுவாக மங்கவிட்டு, ரீப்பரில் உள்ள ரீவெர்ப் (ReaVerb) என்ற கருவியில் ஏற்றுங்கள். இனி நீங்கள் அனுப்பும் எந்த ஒலியும் அந்த மண்டபத்துக்குள் ஒலிக்கும். நம் உதாரணத்தில் இதுதான் உலைக்கூடம். சூப்பர்மேசிவ் போன்ற முடிவில்லா ரிவெர்பை, அந்தப் பெண் வெளியே கடலைப் பார்க்கும் இடங்களுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே ஒரு ஒலி, வெளியே ஒரு ஒலி. காட்சி மாறுவது காதுக்கே தெரிந்துவிடும்.

கார்டுகள்

ஜி மைனரின் இயல்பான ஸ்வரங்கள் நடபைரவி ராகம். ஐந்தாவது கார்டை மேஜராக்கினால் கீரவாணிப் பக்கம் போகும். அதில் சோகம் அதிகம், இருட்டு குறைவு. இருட்டு வேண்டுமென்றால் தோடியின் ஸ்வரங்களுக்கு, அதாவது ஃபிரிஜியனுக்குப் போங்கள். ஜி மைனரிலிருந்து ஏ ஃபிளாட் மேஜருக்கு ஏறி மறுபடி இறங்கும் அந்த அரை ஸ்வர அசைவில் தரையே நழுவும். பேஸ் ஜியிலேயே நிற்க, மேலே ஜி மைனர், இ ஃபிளாட், சி மைனர், ஏ ஃபிளாட் என்று மாறட்டும். வில்லுப்பாட்டிலும் கதை எங்கே போனாலும் சுருதி அசைவதில்லை.

ஆலயத்தில் வாசித்துப் பழகிய கைகளுக்கு ஒரு வேண்டுகோள். சபையைப் பாடவைப்பதற்காக நீங்கள் ஒவ்வொரு இடைவெளியையும் நிரப்பிப் பழகியிருப்பீர்கள். அங்கே அது தேவை. இங்கே தானாகத் தாளமும் துணையும் வாசிக்கும் ஸ்டைல் பட்டனை அணைத்து, ஒரு கையால், இரண்டு ஸ்வரம் மட்டும் வாசியுங்கள்.

குரலும் வரியும்

தமிழில் பாடுங்கள். இயந்திர இசையோடு தமிழ் சேராது என்று நினைப்பவர்கள் வல்லினம் இரட்டிப்பதைக் கவனித்ததில்லை. கப்பல், வெப்பம், எட்டு, முற்றம் ஆகிய சொற்களில் வல்லினம் வெடிக்கும் முன் ஒரு கணம் ஒலி முழுக்க அடைபடுகிறது. அந்த மௌனத்தைக் கிக் டிரம் விழும் இடத்தில் வைத்தால் குரலும் இயந்திரமும் ஒரே அச்சில் அடித்த மாதிரி பூட்டிக்கொள்ளும். ஆகவே தாளம் இறுகும் பல்லவியில் வல்லினச் சொற்கள். பேட் மட்டும் மிதக்கும் இடங்களில் அலை, மணல், நிழல் என நெடுக இழுக்க இடம் தரும் சொற்கள். ஒலியின் ஏற்ற இறக்கத்தைச் சமன் செய்யும் கம்ப்ரஸரின் ரிலீஸை 150, 200 மில்லிசெகண்டுக்குக் குறையாமல் வையுங்கள். அதைவிட வேகமாக விட்டால் அந்த மௌனத்துக்குள் அறை இரைச்சல் ஏறிவரும்.

யார் எந்தத் தமிழில் பேசுகிறார் என்பதும் கதையின் பகுதி. என் பரிந்துரை: இயந்திரத்துக்கு வானொலிச் செய்தித் தமிழ், மனிதருக்கு நம்மூர்ப் பேச்சு. "வெப்பநிலை சீராக உள்ளது" என்று இயந்திரத்தின் அறிவிப்புப் பதிவு ஓட, அவள் "மக்ளே, வெளக்கு அணையப் போவுது" என்று தனக்குத்தானே முனகும்போது இருவருக்கும் இடையிலான தூரத்தை எந்த சிந்த்தும் இவ்வளவு எளிதாகக் காட்ட முடியாது. அப்புறம் அந்த "ஆமா". அதைப் பாடி, வோக்கோடரில் பேட் ஒலியோடு சேர்த்து, இடமும் வலமும் விரியுங்கள். முதல் பாட்டில் அது வெறும் பதிலாக இருக்கட்டும். கடைசிக்கு முந்தைய பாட்டில் அவள் கேள்வி கேட்கும் முன்பே வரட்டும். முதுகு சில்லிடும்.

பதிவு செய்யும்போது மைக்கிலிருந்து நாலு விரல்கடை தூரத்தில், தாழ்ந்த குரலில் பாடுங்கள். மைக்கை நெருங்க நெருங்கக் குரலின் அடித்தளம் கூடும். பின்னாலும் பக்கவாட்டிலும் இலவம்பஞ்சு மெத்தைகளை நிறுத்தி வையுங்கள். எதிரொலியை அவை நன்றாகவே விழுங்கும். மின்விசிறியை அணைத்து, ஊர் அடங்கிய பிறகு செய்யுங்கள். விளவங்கோடு, கல்குளம் பக்கத்தில் ஆனி, ஆடி மழையில் கூரைச் சத்தம் விடாது. சித்திரை, வைகாசியில் கொடையும் ஆலயத் திருவிழாவும் மைக் செட்டும் இருக்கும். தை, மாசி இரவுகளைக் குரலுக்கென்றே ஒதுக்கிவைப்பது நல்லது. அதே வரியை ஒரு ஆக்டேவ் கீழே கிசுகிசுப்பாக இன்னொரு முறை பாடி, அரிதாகவே கேட்கும் அளவுக்குச் சேருங்கள். வரியின் கடைசிச் சொல்லுக்கு மட்டும் 469 மில்லிசெகண்ட், அதாவது முக்கால் அடி டிலே (தாமதித்துத் திரும்ப ஒலிப்பது).

பாட்டுகளை அடுக்குவது

எட்டு அல்லது ஒன்பது பாட்டு, மொத்தம் 40 நிமிடத்துக்குள். இரண்டில் குரலே வேண்டாம். பாட்டுக்குப் பாட்டு இடைவெளி விடாமல் 50 ஹெர்ட்ஸ் முனகலை ஓடவிடுங்கள். ஆறாவது பாட்டின் நடுவில் அதை இரண்டு பார் நேரம் முழுக்க நிறுத்துங்கள். அதுவரை அந்த ஒலி இருந்ததையே கேட்பவர் கவனித்திருக்க மாட்டார். நின்ற பிறகுதான் தெரியும். மின்சாரம் போகும்போது வீடு சட்டென்று அமைதியாவதை நாம் எல்லோரும் அறிவோம். ஆல்பத்தின் உச்சக்காட்சி அந்த இரண்டு பார்தான், அதற்கு மேல் பெரிய கிளைமாக்ஸ் எதுவும் சேர்க்க வேண்டாம்.

பாட்டுக்குள் பதற்றம் கூட்ட மேலும் மேலும் ட்ராக் சேர்க்கும் ஆசை வரும். அதற்குப் பதில் ஃபில்டரைத் திறங்கள், ரிவெர்பைக் குறைத்துக் குரலைக் காதருகே கொண்டுவாருங்கள், அல்லது பேஸை எடுத்துவிடுங்கள்.

மிக்ஸும் மாஸ்டரும்

இருட்டான ஆல்பம் என்றால் மேல் அலைவரிசைகளை எல்லாம் மூடிவிட வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படிச் செய்தால் போர்வைக்குள் கேட்பது போல மழுங்கிவிடும். பெரும்பாலான ஒலிகளை 5 கிலோஹெர்ட்ஸுக்குக் கீழே வைத்துவிட்டு, மணியொலி, குரலின் மூச்சு ஆகிய இரண்டுக்கு மட்டும் 10 கிலோஹெர்ட்ஸ் வரை இடம் கொடுங்கள். ஒரே ஒரு வெளிச்சப் புள்ளி இருந்தால்தான் சுற்றியிருக்கும் இருட்டு தெரியும்.

120 ஹெர்ட்ஸுக்குக் கீழே எல்லாம் மோனோவாக, அதாவது இடமும் வலமும் ஒன்றாக இருக்கட்டும். கிக் விழும்போது பேஸ் 4 டெசிபல் ஒதுங்கும்படி சைட்செயின் கம்ப்ரஸர் வையுங்கள். 50 ஹெர்ட்ஸ் முனகல் போன் ஸ்பீக்கரில் கேட்கவே கேட்காது. அதனால் 100, 150, 200 ஹெர்ட்ஸ் இழைகள் அதில் போதுமான அளவு இருக்கின்றனவா என்று சரிபாருங்கள். அவை கேட்டால் அடிநாதம் இருப்பதாக மூளையே நிரப்பிக்கொள்ளும். ஹெட்போனில் மிக்ஸ் செய்ததை ஒரு காரில், ஒரு போனில், டிவி ஸ்பீக்கரில் கேட்டுவிட்டு மாற்றங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே நாளில் மிக்ஸையும் (ஒலிகளைக் கலப்பது) மாஸ்டரையும் (இறுதி மெருகு) செய்யாதீர்கள். காது களைத்துப்போய்ப் பொய் சொல்லும்.

ஸ்பாட்டிஃபை பாடல்களை மைனஸ் 14 எல்யூஎஃப்எஸ் (காதுக்குத் தெரியும் சத்தத்தின் அலகு) அளவுக்குச் சமன் செய்து ஒலிக்கவிடுகிறது. அதைவிட மிகச் சத்தமாகப் பிழிந்தால் உங்களுக்கு லாபம் எதுவும் இல்லை, ஏற்ற இறக்கம்தான் போகும். உச்சம் மைனஸ் 1 டெசிபலைத் தாண்டாமல் லிமிட்டர் வையுங்கள். ஒன்பது பாட்டையும் ஒரே ப்ராஜெக்டில் வரிசையாக அடுக்கி மாஸ்டர் செய்தால் முனகல் ஒரு பாட்டிலிருந்து அடுத்ததுக்குத் தடுக்காமல் போகும்.

வெளியீடு

முழு ஆல்பமாகக் கேட்பவர்கள் பேண்ட்கேம்ப் என்ற இசை விற்பனைத் தளத்தில் இருக்கிறார்கள். அங்கே முதலில் போடுங்கள். டிஜிட்டல் விற்பனையில் அவர்கள் 15 சதவீதம் எடுத்துக்கொள்கிறார்கள். பணம் பேபால் வழியாக வரும். இந்தியாவுக்குள் பேபாலில் பணம் அனுப்புவது 2021 ஏப்ரலோடு நின்றுவிட்டது, வெளிநாட்டிலிருந்து பெறலாம். ஸ்பாட்டிஃபை முதலானவற்றுக்கு ஒரு விநியோக நிறுவனம் தேவை. வெளியீட்டுக்கு நாலு வாரம் முன்பே ஏற்றிவிடுங்கள். ஸ்பாட்டிஃபையின் ஆசிரியர் குழுவுக்குப் பாட்டைப் பரிந்துரைக்கக் குறைந்தது ஏழு நாள் வேண்டும். அங்கே ஒரு பாட்டு 12 மாதத்தில் 1,000 முறை கேட்கப்பட்டால்தான் பணமே வரும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். அட்டைப்படம் 3000க்கு 3000 பிக்சல். இசையமைப்பாளராகவும் பாடலாசிரியராகவும் பாட்டுக்கான உரிமத்தொகையை வசூலித்துத் தரும் ஐபிஆர்எஸ் அமைப்பில் உறுப்பினராகச் சேருங்கள்.

ஊரில் ஒரு முறையாவது நேரடியாக வாசியுங்கள். முனகல், பேட், தாளம் மூன்றும் லேப்டாப்பில் ஓட, பேஸ் ஃபில்டரையும் குரலையும் "ஆமா"வையும் மட்டும் நீங்கள் கையில் எடுத்துக்கொண்டால் தனி ஆளாகச் சமாளிக்கலாம். மைக் செட்காரரின் மிக்ஸரோடு இணைக்கும்போது கிரவுண்ட் லிஃப்ட் (தரை இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) உள்ள ஒரு டிஐ பாக்ஸ் (கருவியை மிக்ஸரோடு இணைக்கும் பெட்டி) கட்டாயம் கையில் இருக்கட்டும். இல்லாவிட்டால் ஜெனரேட்டரின் இரைச்சல் உள்ளே வந்துவிடும். ஜெனரேட்டர் சரியாக 50 ஹெர்ட்ஸில் ஓடும் என்று சொல்ல முடியாது. அது உங்கள் முனகலோடு மோதி 'வாவ் வாவ்' என்று அலைபாயும். நிகழ்ச்சிக்கு முன் மைக் செட் அண்ணனிடம் கேட்டு, உங்கள் லேப்டாப்பை மட்டும் பேட்டரியில் ஓட்டுங்கள்.